ஓலை வாசிக்கும்போது கேட்கப்படாத தடை

அன்றாட வாழ்வில் கிறித்தவ விசுவாசத்தைக் கடைப்பிடிப்பது எப்படி என்று விளக்கும் சிறு பிரசுரங்கள் தமிழில் ஏராளம். எந்தக் கிறித்தவப் புத்தகக் கடையிலும் அவற்றுக்குத் தனியே ஓர் அடுக்கு உண்டு. அதிகாலையில் எழு, முழந்தாள் படியிடு, வேதத்தில் ஓர் அதிகாரம் வாசி, தசமபாகம் கொடு, பொய் சொல்லாதே, குடிக்காதே, தொலைக்காட்சித் தொடர் பார்க்காதே, அலுவலகத்தில் மேலதிகாரிக்குக் கீழ்ப்படி. இவற்றில் தவறென்று சொல்ல ஏதுமில்லை. ஆனால் இந்த அறிவுரைகள் அனைத்தையும் ஒரு மனிதன் தன் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டே நிறைவேற்றிவிடலாம். பக்கத்துத் தெருவில் யார் வசிக்கிறார்கள் என்பதே தெரியாமல் ஆயுள் முழுவதும் உத்தமக் கிறித்தவனாக வாழ்ந்து மடியலாம். அந்தப் பக்கத்துத் தெரு பெரும்பாலும் சேரித் தெரு என்பதையும் சேர்த்துக்கொண்டால், பிரசுரங்களின் மௌனத்துக்குப் பொருள் விளங்கிவிடும்.

தமிழ் மண்ணில் கிறித்தவ விசுவாசத்தின் அன்றாடச் சோதனை வேறு இடத்தில் நடக்கிறது என்பது என் வாதம். யாரோடு உட்கார்ந்து உண்கிறாய், யார் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறாய், செத்தபின் யார் பக்கத்தில் படுக்கச் சம்மதிக்கிறாய் என்பவையே அந்தச் சோதனையின் வினாக்கள். இவற்றில் தோற்றவன் காலை ஜெபத்தில் எத்தனை மணிநேரம் செலவிட்டாலும் அது அவனுக்கும் அவன் பாய்க்கும் இடையிலான விவகாரம்.

இதை எழுதத் தூண்டியது தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. பலரும் மறந்திருப்பார்கள். 2024 சனவரி 8 அன்று, பாரதிய ஜனதாக் கட்சியின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை தம் நடைப்பயணத்தின்போது பொம்மிடியை அடுத்த பி.பள்ளிப்பட்டி லூர்து மாதா கோவிலுக்கு வந்தார். மாதாவுக்கு மாலை அணிவிக்க வந்தவரை உள்ளூர் இளைஞர்கள் சிலர் தடுத்தார்கள். மணிப்பூரில் கிறித்தவர்கள் தாக்கப்பட்டதையும் தேவாலயங்கள் எரிக்கப்பட்டதையும் சொல்லி, இங்கே மாலை எதற்கு என்று கேட்டார்கள். வாக்குவாதம் முற்றியது, பின்னர் காவல்நிலையத்தில் வழக்கும் பதிவாயிற்று. தொலைக்காட்சிகளுக்கு இரண்டு நாள் தீனி. அரசியல் ஆதரவாளர்கள் அவரவர் பக்கத்தில் நின்று கூச்சலிட்டு ஓய்ந்தார்கள்.

கட்சிக் கணக்குகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால் அந்த இளைஞர்கள் செய்தது இறையியல் சார்ந்த ஒரு காரியம். மாலையையும் வாழ்வையும் தனித்தனியாகப் பிரிக்க அவர்கள் மறுத்தார்கள். மாதாவின் கழுத்துக்கு மலர் தருகிற கை வேறெங்கோ என்ன செய்தது, அல்லது என்ன செய்யாமல் விட்டது என்று கேட்டார்கள். வழிபாட்டை அன்றாடத்தோடு உரசிப் பார்க்கும் கேள்வி அது. மிகச் சரியான கேள்வி. ஆனால் அது வெளியிலிருந்து வருபவரிடம் மட்டும் கேட்கப்படும்வரை பாதிக் கேள்விதான். உள்ளே ஒவ்வொரு ஞாயிறும் மாலையோடும் மெழுகுதிரியோடும் வந்து நிற்கிற தமிழ்க் கிறித்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்?

(பி.பள்ளிப்பட்டியை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அந்தக் கேள்வி அங்கே எழுந்தது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். தொடங்கவேண்டிய மாவட்டமும் அதுதான். 2012 நவம்பர் 7 அன்று ஒரு சாதிமறுப்புத் திருமணத்தைக் காரணமாக்கி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது இதே தர்மபுரியில். அடுத்த ஆண்டு சூலையில் அந்த மணமகன் ரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். இந்த மண்ணில் நற்செய்தி சொல்ல வாய் திறப்பவர் எவராயினும் திருமணம் என்ற சொல்லைத் தாண்டிக் குதித்துவிட முடியாது.)

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. நானூறு ஆண்டுப் பழமை கொண்ட பதில். சாதி சமூக வழக்கம். அது சமயத்தைச் சேர்ந்ததல்ல. ஆன்மா மீட்படைவதற்கும் தெரு எங்கே முடிகிறது என்பதற்கும் சம்பந்தமில்லை.

இந்தப் பதிலை முறையாக வகுத்தவர் ராபர்ட் தெ நோபிலி. 1606இல் மதுரைக்கு வந்து, காவியுடுத்தி, புலால் துறந்து, தமிழும் வடமொழியும் கற்று, பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்களே என்று வாதாடினார். வாதம் உரோமைவரை சென்றது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாக ஆணை பிறப்பித்தார். அந்த ஆண்டே தெ நோபிலி மதுரையை விட்டுச் சேலம் பகுதிக்குப் புறப்பட்டார். ஏற்காட்டு மலைக்கு இந்தப் பக்கம் பாப்பிரெட்டிப்பட்டி, அந்தப் பக்கம் சேலம். ஆகவே இவ்வட்டாரத்துக்கு இது அந்நியக் கதையல்ல. இதில் கவனிக்க வேண்டியது, பூணூலை அனுமதித்த அதே ஆணை, உயர்குலப் பெருமை கொண்டோர் எளியோரை இகழவேண்டாம், தனிக் கோவில்களில் பிரிந்து நின்று இறைவார்த்தை கேட்கவேண்டாம் என்று மன்றாடவும் செய்தது. அனுமதி நானூறு ஆண்டுகளாக நினைவில் நிற்கிறது. மன்றாட்டைச் சொல்பவர் யாருமில்லை. நமக்கு வேண்டியதை மட்டும் மனப்பாடம் செய்யும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

தெ நோபிலியின் நோக்கத்தை ஐயப்பட எனக்கு உரிமையில்லை. தமிழ் உரைநடைக்கு அவர் செய்தது பெரிது. ஆனால் வழி திறந்தவர் போனபின் அந்த வழியில் எது நுழைந்தது என்பதை வைத்துத்தான் வழியை மதிப்பிட முடியும்.

சீர்திருத்த சபையினர் இதில் மேலானவர்கள் என்று நினைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. 1833இல் கல்கத்தா ஆயர் டானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிடப்பட வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்ச் சபை கொதித்தது. பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அதற்கு முன்பே, 1820களின் இறுதியில், சாதி ஒழிப்பை வற்புறுத்திய மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர் வேதநாயக சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய அதே சாஸ்திரியார்தான். குறத்தியை மேடையேற்றிக் குறி சொல்ல வைத்து, அவள் வாயிலாகக் கிறிஸ்துவின் புகழைப் பாடத் தெரிந்த கவிஞருக்கு, தாழ்த்தப்பட்டவரோடு ஒரே பாயில் அமர்வது மட்டும் பொறுக்கவில்லை. தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தைப் போற்றுபவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுவார்கள். கடக்கக்கூடாது என்பேன். கவிதையில் குறத்திக்கு இடம் கொடுத்தல் எளிது. பந்தியில் கொடுப்பதுதான் கடினம்.

பின்னர் லைப்சிக் மிஷன் வந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் திருக்குறளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனவர். பிறப்பால் உயிர்கள் ஒத்தவை என்னும் குறளையும் சேர்த்துத்தான் மொழிபெயர்த்தார். ஆயினும் சாதியைச் சமூக நிறுவனமாகக் கருதிப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே அவர் நிலைப்பாடு. சாதி காக்க விரும்பிய தஞ்சைக் கிறித்தவர் பலருக்கு அந்தச் சபை நல்ல புகலிடமாயிற்று.

வடக்கன்குளத்துக் கதை இன்னும் வெளிப்படையானது. திருநெல்வேலிச் சீமையின் அவ்வூர்க் கத்தோலிக்கக் கோவில் 1870களில் இரண்டு கால்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது. ஒரு கால் வேளாளருக்கு, மறு கால் நாடாருக்கு. பீடம் பொது. கால்சட்டைக் கோவில் என்று அதற்குப் பெயரே உண்டு. 1910இல் கௌசானல் அடிகளார் இடைச்சுவரை இடிக்கச் செய்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் ஆயர் என்று சட்டப் புத்தகங்களில் இடம்பெற்ற அந்த வழக்கில், தங்களுக்குத் தனியிடம் வேண்டுமென்ற கோரிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. கிறித்தவர்களுக்குக் கிறித்தவம் என்னவென்று காலனிய நீதிமன்றம் எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு எறையூர். அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. 2008 மார்ச்சில் அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டார்கள். பெரிய கோவிலில் சமமாக நடத்தப்படாதவர்கள் தங்கள் சகாய மாதா சிற்றாலயத்தையே பங்காக்கித் தரும்படி கேட்டது பேராசையா? வன்னியக் கத்தோலிக்கர்களோடு மோதல் வெடித்தது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. மார்ச் 9 அன்று காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். தவக்காலம் அது. இரு தரப்பினரும் ஒரே சிலுவைப் பாதையை ஒரே வாரங்களில் தியானித்துக்கொண்டிருந்தவர்கள்.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரைப் பற்றி நான் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. உயிர்த்தெழுதலை நம்புகிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறவர்கள், எழும்போது பக்கத்தில் யார் எழக்கூடாது என்று முன்கூட்டியே சுவர் எழுப்பிவைத்தார்கள். கத்தோலிக்க ஊர்களில் சவத்தைச் சுமக்கும் தூம்பாவும் தூம்பா வண்டியும்கூட எல்லாச் சவத்துக்கும் பொதுவாக இருந்துவிடவில்லை என்பதை அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள்.

சட்டத்தின் பக்கம் வந்தால் நகைப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, அதன் மூன்றாம் பத்தியால், இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. கிறித்தவத்தில் சாதி கிடையாது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆக, இந்த நாட்டில் கிறித்தவத்தில் சாதி இல்லை என்று உளமார நம்பும் ஒரே நிறுவனம் அந்த ஆணைதான்! தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் உரிமை வேண்டுமென்ற கோரிக்கை நியாயமானது; ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அதைப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையமும் அமைக்கப்பட்டது. கோரிக்கையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் தில்லியில், எங்கள் சபைக்குள் சாதி இருக்கிறது, ஆகவே உரிமை கொடுங்கள் என்று மனு எழுதும் கை, ஊர் திரும்பியதும் அந்தச் சாதியின்மேல் ஏன் ஒரு விரலைக்கூட வைப்பதில்லை?

ராஜ் கௌதமனின் சிலுவைராஜ் சரித்திரம் வாசித்தவர்களுக்கு இந்த முடிச்சு தெரியும். கத்தோலிக்கத் தலித்தாகப் பிறந்து, கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்த சிலுவை, கடைசியில் ஒரு சான்றிதழுக்காக இந்துவாக மாறவேண்டி வருகிறது. கோவிலுக்குள் அவன் பறையன், தாசில்தார் அலுவலகத்தில் அவன் கிறித்தவன். பாமாவின் கருக்கு 1992இல் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்காகவென்று துறவற மடத்துக்குப் போன ஒரு பெண் அங்கே கண்டதைச் சொல்லி வெளியேறிய கதை. இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994. அதன் ஆரோக்கியம், தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி. அந்தோணியாரை நம்பி வாழும் அவளுக்கு, சேரிக்குள்ளும் ஒரு சேரி இருக்கிறது. நம் பிரசங்கிகள் முப்பதாண்டுகளாகத் தொடாததை மூன்று புத்தகங்கள் தொட்டிருக்கின்றன. வேதபாட வகுப்பில் இவற்றை வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. (வைக்கமாட்டார்கள்.)

எதிர்வாதங்கள் சில உண்டு. முதலாவது: இரட்சிப்பு தனிமனிதனுக்குரியது, முதலில் உன் பாவத்தைப் பார். சரி, நற்செய்தியையே பார்ப்போம். சகேயுவின் வீட்டுக்கு மீட்பு வந்தது எப்போது? தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்புகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்னபோது. அவன் பாவம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. மனந்திரும்புதலும் அங்கேயே நடந்தது. அந்தியோக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி எழுந்து விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். பவுலின் கடிதத்தில் இது பதிவாகியிருக்கிறது. திருச்சபையின் முதல் பெருஞ்சண்டைகளில் ஒன்று, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பற்றியது. பேதுரு கோட்பாடு எதையும் மறுக்கவில்லை. பந்தியிலிருந்து எழுந்தார், அவ்வளவே. அது சமூக வழக்கம், விசுவாசத்துக்கு அதனோடு தொடர்பில்லை என்று பவுல் சொல்லவில்லை. நற்செய்தியின் உண்மைக்கு ஒவ்வாத நடை என்றார். தெ நோபிலிக்கும் கிரௌலுக்கும் பதிலாக அந்த ஒரு கடிதம் போதும்.

இரண்டாவது: வீட்டுக் குறையை வெளியே சொன்னால் எதிரிகள் பயன்படுத்திக்கொள்வார்கள், வெளியாட்கள் நமக்குப் புத்தி சொல்லவேண்டாம். காலம் கெட்டுக் கிடக்கிறது என்பது உண்மை. ஆனால் அயலான் யார் என்ற கேள்விக்கு இயேசு சொன்ன கதையில் குருவும் லேவியனும் விலகிப்போக, காயப்பட்டவனைத் தூக்கியவன் வெளியாள், சமாரியன். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே வட்டாரத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சந்தனமரம் தேடுகிறோம் என்ற பெயரில் பழங்குடி மக்கள்மேல் பாய்ந்தன. பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்குள்ளாக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த மக்களின் கையைப் பிடித்து நீதிமன்றம்வரை அழைத்துப்போனதில் முன்னின்றவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும். கடவுளை நம்பாதவர்கள் பலர். நற்செய்தியின் கணக்குப்படி அயலான் என்ற பெயர் யாருக்குப் போகும்? வெளியாள் பேசக்கூடாது என்ற வாதத்தை அந்தக் கதையை வாசிக்கிற எவரும் வைக்க முடியாது.

மூன்றாவது: மாற்றம் வந்துகொண்டிருக்கிறது, பொறுமை வேண்டும். வந்திருப்பதை மறுக்கமாட்டேன். 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் சாதி உணர்வு திருச்சபைக்கு ஒவ்வாதது என்று போப் இரண்டாம் ஜான் பால் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானார். தலித் பின்னணியிலிருந்து வந்த முதல் கர்தினால். சிற்றூர்களில் தகரக் கூரை வேய்ந்த ஜெபவீடுகளில் ஒரே சமுக்காளத்தில் எல்லோரும் உட்காருவதையும் நான் பார்த்திருக்கிறேன். பெந்தெகொஸ்தேயினரின் இரைச்சல் எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்தச் சமுக்காளம் பிடிக்கும். தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. சபைகளின் அசன விருந்தில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்து ஒன்றாகப் பந்தி பரிமாறுகிறார்கள். நல்லதுதான். ஆண்டுக்கு ஒருநாள். ஆனால் திருமண விளம்பரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆர்.சி. என்ற இரண்டெழுத்துக்குப் பிறகு என்ன வருகிறது? சி.எஸ்.ஐ.க்குப் பிறகு? ஞானஸ்நானப் பெயர் முன்னால், குலப்பெயர் பின்னால். எதைக் கேட்டுக் கொண்டு கொடுக்கிறார்கள் என்பது விளம்பரம் கொடுத்தவருக்கும் தெரியும், ஓலை வாசிக்கும் குருவுக்கும் தெரியும்.

ஓலை வாசிப்பதைச் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்கக் கோவிலில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் தெரிவியுங்கள் என்று அறிவிப்பார்கள். திருச்சபைச் சட்டத்தில் தடைகள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன: நெருங்கிய இரத்த உறவு, ஏற்கெனவே உள்ள மணப்பிணைப்பு, வயது, இன்ன பிற. சாதி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஓலை எழுதப்படுவதற்கு முன்பே, பெண்பார்க்கும் பேச்சு தொடங்குவதற்கும் முன்பே, ஆயிரக்கணக்கான திருமணங்களை நடக்கவிடாமல் செய்த உண்மையான தடை அது ஒன்றுதான். அதைப் பற்றி எந்த ஞாயிறும் யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் எழுந்த அருமையான ஏற்பாடு அன்பியம். பத்து இருபது குடும்பங்கள் வீடு வீடாகக் கூடி வேதம் வாசித்து, தங்கள் அன்றாடப் பாடுகளைப் பேசித் தீர்வு காணவேண்டுமென்பது நோக்கம். அன்றாட விசுவாசத்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் ஏது? ஆனால் அன்பியங்களைப் பெரும்பாலும் தெருவாரியாகப் பிரிக்கிறார்கள். நம் ஊர்களில் தெரு என்றால் சாதி. இப்படியாக ஒவ்வொரு சாதியும் தனக்குள் கூடி, தனக்குள் அன்பு செய்து, தனக்குள் வேதம் வாசித்துக் கலைகிறது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அடுத்த ஆண்டுமுதல் அன்பியங்களைத் தெருவைக் கலைத்துப் பிரிப்போம், மேலத்தெரு வீட்டில் காலனிக் குடும்பங்களும் காலனி வீட்டில் மேலத்தெருக் குடும்பங்களும் கூடி வாசித்து, அந்தந்த வீட்டிலேயே காப்பி குடித்துவிட்டுப் போகட்டும் என்று முன்மொழியலாம். ஆயரின் அனுமதி வேண்டியதில்லை. உரோமைக்கு எழுதவேண்டியதில்லை. நான் கேட்ட இரண்டு பங்குகளில் இதைப் பேச்சுக்காகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றில், காப்பியை மட்டும் விட்டுவிடலாமே என்றார்கள்.